ஆஞ்சப்பனுக்கு ரத்தம் கெட்டியான கதை

வியாழக்கிழமை மத்தியானம் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஆஞ்சப்பனின் போன் டிங்கென்றது. லேபிலிருந்து ரிப்போர்ட். இடது கையால் திறந்து பார்த்தான். கறுப்பு எழுத்தாக வரிசையாய் இறங்கிவந்த பக்கத்தில் மூன்று வரி மட்டும் சிவப்பு. மூன்றுக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு H. டெஸ்டோஸ்டிரான் ஆயிரத்து நானூற்றுப் பத்து. ஹீமோகுளோபின் பத்தொன்பது. அதற்குக் கீழே ஹீமட்டோக்ரிட் என்று வாயில் நுழையாத ஒன்று, ஐம்பத்தேழு புள்ளி ஒன்று. அப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த ஆளுக்கு நம்பரைப் பார்த்துப் பயப்படுவதுதான் தொழில் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு கியர் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பதினாறு வருஷ சர்வீஸ். உலையிலிருந்து வெளியே வருகிற கியரை எடுத்து, கடினம் சரியா, அளவு சரியா என்று பார்ப்பான். மேல் லிமிட் ஒன்று, கீழ் லிமிட் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நின்றால் பச்சைப் பெட்டி. ஒரு மயிரிழை தாண்டினாலும் சிவப்புப் பெட்டி, அது நேரே உடைசலுக்குப் போய்விடும். "போனாப் போவுது விடுப்பா" என்று புரொடக்‌ஷன்காரன் காலில் விழுந்தாலும் ஆஞ்சப்பன் மசிய மாட்டான். அப்படிப்பட்டவன் இப்போது தானே லிமிட்டைத் தாண்டி நிற்கிறான். அவனை எந்தப் பெட்டியில் போடுவது?

ஊர் காவேரிப்பட்டினம் பக்கம். பத்தொன்பது வயசில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீட்டில் இருந்த ஒரே தங்கச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டி, வேப்பிலையை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். கன்னத்து வீக்கம் வடிந்தது. அதே சமயம் விதைப்பையும் வீங்கி ஒரு வாரம் உயிர் போகிற வலி இருந்ததை, வெட்கங்கெட்டு எப்படிச் சொல்வது என்று ஒருத்தரிடமும் அவன் மூச்சு விடவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லாமல் டாக்டரிடம் போனபோதுதான், அன்றைக்கே காரியம் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. அதை அவனும் பெண்டாட்டி வினிதாவும் எப்படியோ விழுங்கிக்கொண்டார்கள்.

விழுங்க முடியாதது வேறொன்று. டெஸ்டோஸ்டிரான் என்கிற ஆண் ஹார்மோன் அவன் உடம்பில் ஊறுவதும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. நாற்பதை எட்டும்போது ஆள் பாதியாகிவிட்டான். ஷிப்டு முடிந்து வந்தால் ஷூவைக் கழற்றத் தெம்பிருக்காது. தாடி குறைந்தது, பேச்சு குறைந்தது, எதிலும் ஒரு பிடிப்பில்லை. ஒருநாள் ஒரு லாட் முழுக்க அளவே பார்க்காமல் பச்சைப் பெட்டிக்குத் தள்ளி மெமோ வாங்கினான். அதற்கப்புறம்தான் வினிதா அவனை ஹார்மோன் டாக்டர் அருணாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். பெங்களூரிலிருந்து திங்கட்கிழமை மட்டும் ஓசூருக்கு வருகிற டாக்டர். ரத்தத்தில் முந்நூறாவது இருக்க வேண்டிய ஹார்மோன் நூற்று நாற்பதுதான் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று ஆரம்பித்தார். ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆள் தேறிவிட்டான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் செய்கிற அளவுக்குத் தாடி வந்தது, சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சு வந்தது.

அவன் டெஸ்ட்டுக்குப் போன லட்சணத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. போன தடவை ரிப்போர்ட்டில் ஹார்மோன் முந்நூற்றுப் பத்து என்று வந்திருந்தது. "கொஞ்சம் கம்மிதான், பாக்கலாம்" என்றார் டாக்டர். ஆஞ்சப்பனுக்கு அது பரீட்சையில் பார்டரில் பாஸான மாதிரி உறைத்தது. கம்பெனியில் கஸ்டமர் ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாளே தரையைக் கழுவி, மஞ்சள் கோட்டைப் புதிதாக அடித்து, இருக்கிறதிலேயே நல்ல பீஸாகப் பார்த்து மேலே அடுக்கிவைப்பார்கள். அதே வேலையை இவன் உடம்பிலும் பார்த்தான். புதன்கிழமை காலையில் டெஸ்ட் என்றால், செவ்வாய் சாயங்காலமே தெருமுனை கிளினிக்கில் ஊசியைப் போட்டுக்கொண்டான். நம்பர் ஜம்மென்று நிற்கட்டும் என்று.

அதோடு விட்டானா? லேபிலிருந்து போன் செய்த பெண் "வெறும் வயித்துல வாங்க சார்" என்றாள். இவர்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை விரதம் என்றால் பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. வெறும் வயிறென்றால் ஆஞ்சப்பனுக்குத் தெரிந்த வெறும் வயிறு அதுதான். அன்றைக்கு லீவு போட்ட ஒருத்தனுக்காக நைட் ஷிப்டு வேறு பார்த்தான். உலை ஓரத்தில் எட்டு மணி நேரம் வேர்த்துக் கொட்டி, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல், காலை ஏழு மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள லேபில் போய்க் கையை நீட்டினான். அந்த ரத்தம்தான் இப்போது போனில் சிவப்பாய் வந்து நிற்கிறது.

இதெல்லாம் தப்பு என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் முனிசாமியைத்தான். அண்ணனுக்கு நாற்பத்து நாலு வயசில், நின்ற நிலையில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஞ்சப்பனுக்கு இப்போது நாற்பத்து மூன்று. ஊசி ஆரம்பிக்கும்போதே டாக்டர் சொல்லியிருந்தார்: "இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தைக் கெட்டியாக்கும். ரொம்ப கெட்டியானா ரத்தம் உறைஞ்சு மூளைக்கோ நெஞ்சுக்கோ போற குழாய அடைச்சுக்கலாம். அதனால ரத்தத்துல சிவப்பணு எத்தனை பங்குன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அம்பத்து நாலத் தாண்டக் கூடாது." அந்தப் பங்குக்குப் பெயர்தான் ஹீமட்டோக்ரிட். இவனுடையது ஐம்பத்தேழு.

அன்றைக்கு மிச்ச ஷிப்டு எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பெனி முதலுதவி வகுப்பில், பக்கவாதம் வந்தால் வாய் கோணும், கை தூக்க வராது என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். மணிக்கொரு தரம் பாத்ரூமுக்குப் போய், கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஈ என்று பல்லைக் காட்டினான். வாய் நேராக இருந்தது. அடுத்த மணி நேரத்துக்கு அது போதும். நான்காவது தடவை கதவைத் திறந்துகொண்டு ரத்தினவேல் உள்ளே வந்துவிட்டான்.

ரத்தினவேல் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், மெயின்டனன்ஸ், வாய் கொஞ்சம் நீளம். "என்ன வே, கண்ணாடியப் பாத்து யாருக்குக் கும்பிடு போடுதீரு?"

"ஒண்ணுமில்ல. தோள்பட்ட வலி."

அப்படியே போயிருக்கலாம். பயந்தவனுக்கு வாய் சும்மா இருக்காதே. "எங்கூருப் பையன் ஒருத்தன் ஹார்மோன் ஊசி போட்றான். ஆம்பள ஹார்மோன். ரத்தம் கெட்டியாயிட்ச்சாம்" என்று மெல்ல விட்டான்.

"ஜிம்முக்குப் போற பயலுவ போடுதானுவளே, அதா?" ரத்தினவேல் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "எங்க ஊருலயும் ஒருத்தன் போட்டான் வே. ஆளு மாடு கணக்கா இருப்பான். காலையில டீ குடிச்சிட்டு இருந்தவன் கிளாஸோட சாஞ்சிட்டான். அந்தப் பையன விடச் சொல்லும்."

டாக்டர் கொடுத்து அளவாய்ப் போடுகிற மருந்து வேறு, புஜத்தை உப்பவைக்க எவனோ அள்ளிக் குத்திக்கொள்வது வேறு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இருந்திருந்தாலும் ஆஞ்சப்பன் காதில் ஏறியிருக்காது. அன்றைக்கு சாயங்காலம் போனில் தேடினான். தலைவலி, மூக்கில் ரத்தம், கண் மங்கல், திடீர் மரணம் என்று வரிசையாய்ப் போட்டிருந்தது. படித்து முடிப்பதற்குள் முதல் மூன்றும் அவனுக்கு வந்துவிட்டன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

வினிதாவிடம் சொல்லவில்லை. பாகலூர் ரோட்டில் ரோஜாப்பூ பேக் செய்கிற ஒரு ஷெட்டில் அவளுக்கு வேலை. காலை ஐந்து மணிக்கே கம்பெனி வேன் ஏறுகிறவள், சாயங்காலம் வந்து உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவாள். அவளை ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உண்மை என்னவென்றால், வாய் விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

டாக்டர் வர திங்கட்கிழமை ஆகும். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க மாட்டாமல் காவேரிப்பட்டினம் பஸ் ஏறினான். சூளகிரி, குருபரப்பள்ளி எல்லாம் ஜன்னலோரம் கடந்துபோயின, ஒன்றும் கண்ணில் படவில்லை. அண்ணன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து இடது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. ஆறு வருஷமாக அந்தக் கையைப் பார்க்கிறான். இன்றைக்குத்தான் தன் கையாகப் பார்த்தான்.

"ண்ணா, அன்னிக்கு உனுக்கு முன்னாடியே எதனா தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

முனிசாமிக்கு வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும். "ஒண்ணும் தெர்ல்டா. பல்லு வௌக்கினு இருந்தன். பிரஷ் கீழ வுழுந்துச்சு. எடுக்கலாம்னு குனிஞ்சன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எடுக்க வர்ல. அவ்ளோதான்."

"வலி?"

"வலிச்சிருந்தா பரவால்லயே. கத்தியிருப்பன்."

எந்த அறிகுறியும் இல்லாமல் வரும் என்றால், வாய் கோணவில்லை என்று மணிக்கொரு தரம் கண்ணாடி பார்த்து என்ன பிரயோஜனம்? அண்ணன் வாயோரம் வழிந்த சட்னியைத் துண்டால் துடைத்துவிட்டு, ஆஞ்சப்பன் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். வழியெல்லாம் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்தபடி இருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் அருணா ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ஊசி என்னைக்குப் போட்டீங்க?"

"செவ்வாக்கெழமை சாயங்காலம் மேடம்."

"டெஸ்ட்?"

"புதன் காலைல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "ஆஞ்சப்பன், நான் என்ன சொல்லியிருந்தேன்? அடுத்த ஊசி போட வேண்டிய நாள்ல, ஊசி போடறதுக்கு முன்னாடி ரத்தம் குடுக்கணும்னுதானே சொன்னேன்? ஊசி போட்டதும் ஹார்மோன் சரசரன்னு ஏறும். ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போகும். அப்புறம் மூணு வாரத்துல மெதுவா இறங்கும். இறங்கி எங்க வந்து நிக்குதுன்னு எனக்குத் தெரியணும். நீங்க மறுநாளே வந்து குடுத்தா ஆயிரத்து நானூறுதான் காட்டும். இத வெச்சு உங்களுக்கு மருந்து ஜாஸ்தியா, கம்மியான்னு நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நம்பர் நல்லா வரணும்னுதான் மேடம்..."

"எதுக்கு? நான் என்ன உங்களுக்கு மார்க்கா போடறேன்?"

ஆடிட் சமாச்சாரத்தை அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. அடுத்து தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டதற்கு, பெருமையாகவே, பல்லில் படவில்லை என்றான். டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "சாப்பாடுதான் கூடாது, தண்ணி குடிக்கலாம். குடிக்கணும். சாம்பார அடுப்புலயே விட்டா என்னாகும்? பருப்பு அதே பருப்புதான், தண்ணி சுண்டி கெட்டியாயிடும். உங்க ரத்தமும் அன்னைக்கு அப்படித்தான்."

ஐந்து நாள் சுமந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. எழுந்து கும்பிடு போடப் போனான். டாக்டர் உட்காரச் சொன்னார். "முழுக்க தண்ணியாலதான்னு நான் சொல்லல. போன தடவையே சிவப்பணு நாப்பத்தொம்பது இருந்துச்சு. நாளன்னிக்கு நல்லா தண்ணி குடிச்சுட்டு, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு, இந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் திரும்பக் குடுங்க."

அவன் காதில் விழுந்தது தண்ணீர் மட்டும்தான். இரண்டு நாளும் குடம் குடமாய்க் குடித்தான். சூப்பர்வைசர் "சுகரா?" என்று கேட்கிற அளவுக்குப் பாத்ரூமுக்கு ஓடினான். புதன்கிழமை காலை நாலு டம்ளர் குடித்துவிட்டுப் போய்த் தெம்பாகக் கையை நீட்டினான். வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு.

இரண்டரை குறைந்திருக்கிறது, சரி. லிமிட் ஐம்பத்து நான்கு. தொழிலில் இப்படி ஒரு பீஸ் வந்தால் என்ன செய்வான் என்று அவனுக்குத் தெரியும். முதல் ரீடிங் தப்பென்றால் கேஜைத் துடைத்து, மறுபடி அளப்பான். மறுபடி அளந்தும் தாண்டியிருந்தால் அதற்கப்புறம் பேச்சே கிடையாது. இப்போது சாக்குச் சொல்லத் தண்ணீரும் இல்லை, ஊசித் தேதியும் இல்லை. இது அவன் ரத்தத்தின் நிஜமான அளவு.

அரை மணி நேரத்தில் கிளினிக்கிலிருந்து போன். "டாக்டர் ரிப்போர்ட் பாத்துட்டாங்க சார். அவங்கள பாக்காம அடுத்த ஊசி போட வேண்டாம்னாங்க. திங்கக்கெழமை வரும்போது வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு பக்கம் மரமரப்பு அப்படி ஏதாச்சும் இருந்தா மட்டும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணுமாம்."

வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். நம் ஊரில் இந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நல்ல சேதி என்றால் டாக்டர் ஒற்றை ஆளிடம் சொல்லி அனுப்பிவிடுவார். விழுகிறவனைத் தாங்கிப் பிடிக்கத்தான் துணைக்கு ஆள் கேட்பார். ஆஞ்சப்பன் போனை வைத்துவிட்டு, கையிலிருந்த கியரை எந்தப் பெட்டியிலும் போடாமல் மேஜைமேல் வைத்தான். அன்றைக்கு வேறொன்றையும் அவன் தொடவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் விநோதமான காரியங்கள் நடந்தன. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று வினிதாவைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தான். தொட்டி நிரம்பினால் எந்த வால்வைத் திருப்ப வேண்டும் என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். கேஸ் கனெக்‌ஷனை அவள் பேருக்கு மாற்றினால் நல்லது என்றான். "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று அவள் கேட்டதற்கு, "தெரிஞ்சு வெச்சிக்கினா நல்லதுதானே" என்று வேறு பக்கம் பார்த்தான். சாவதைவிட அண்ணன் மாதிரி ஆகிவிடுவோமோ என்றுதான் அவனுக்கு அதிக பயம். செத்தால் அழுது முடித்துவிடுவாள். படுத்துவிட்டால் அவள் வாழ்க்கை அந்தக் கட்டில் பக்கத்திலேயே போய்விடும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாங்க முடியாமல் போனை எடுத்து இரண்டு ரிப்போர்ட்டையும் அவளிடம் காட்டிவிட்டான்.

வினிதா கத்தவில்லை, அழவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. போனை நேரமெடுத்துப் பார்த்தாள். "டாக்டர் என்ன சொல்லி கூப்ட்டாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். "சரி, நாளைக்கு லீவு சொல்லிட்றன்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை டாக்டர் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆஞ்சப்பன் நுனியில் உட்கார்ந்தான். கேன்சரா, அடைப்பா, எத்தனை மாசம் என்று மூன்று கேள்வியை வரிசையாக மனசுக்குள் வைத்திருந்தான். டாக்டர் அவன் பக்கமே திரும்பவில்லை. வினிதாவைப் பார்த்து, "இவர் தூங்கும்போது குறட்டை விடுவாராம்மா?" என்றார்.

"இல்ல மேடம்" என்றான் ஆஞ்சப்பன்.

"தூங்கறவருக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் வீட்ல இருந்து ஆள் கேட்டேன். நீங்க சொல்லுங்கம்மா."

வினிதா புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "குறட்டை வுட்டா எனக்குப் பயமில்ல டாக்டர்" என்றாள். "குறட்டை நின்னாதான் பயம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லா இழுத்துக்கினே இருப்பாரு, பட்டுனு நின்னுடும். மூச்சே இருக்காது. நெஞ்சுமேல கை வெச்சுப் பாப்பன், அசையாது. எண்ணுவன். பதினஞ்சு, இருவது. சில வாட்டி அவரே திணறிக்கினு மூச்ச இழுத்துடுவாரு. இருவத்தஞ்சு தாண்டிட்டா தோளப் புடிச்சு உலுக்குவன். பொரண்டு படுப்பாரு. மறுபடி இழுப்பாரு. மறுபடி நிக்கும்."

"எத்தனை நாளா?"

"ஊசி போட ஆரம்பிச்சு ஒரு நாலஞ்சு மாசத்துல இருந்து. ஒரு வருசத்துக்கு மேல ஆயிட்ச்சு."

"நீங்க எப்பம்மா தூங்குவீங்க?"

"காலைல வேன்ல தூங்கிக்குவன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிசம்." ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஞ்சப்பன் அவளைப் பார்த்தான். பதினோரு நாளாக உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் பயந்து சாகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். பக்கத்தில் படுத்திருந்தவள் ஒரு வருஷமாக அவன் மூச்சை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நிற்கிற ஒரு வியாதி இது. மூச்சு நிற்க நிற்க ரத்தத்தில் பிராணவாயு குறையும். குறைகிறதே என்று உடம்பு பதறிப்போய்ச் சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்துவிடும். ஊசியும் அதே வேலையைச் செய்கிறது. முன்னாலேயே லேசாக இருந்திருக்கலாம், ஊசி அதைக் கூட்டியிருக்கலாம். "பயப்பட வேண்டிய விஷயம்தான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா காரணம் பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும். ஊசிய இப்ப நிறுத்தி வைப்போம். தூக்கத்தப் பரிசோதிக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, இந்த வாரமே எடுத்துடுங்க. மாஸ்க் போட்டுத் தூங்கற மெஷின் தேவைப்படும். ரத்தம் அம்பதுக்குக் கீழ இறங்கினதும், மருந்தப் பாதியாக்கி, வாரம் வாரம் கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிப்போம். நிரந்தரமா நிறுத்தச் சொல்லல." கடைசி வார்த்தையை வினிதாவைப் பார்த்துத்தான் சொன்னார். எதற்காக என்று ஆஞ்சப்பனுக்கு அப்போது விளங்கவில்லை.

வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனார்கள். ரோட்டில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. அவன் சாவியைப் போட்டான், திருகவில்லை.

"ஏன் வினி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயந்துக்கினு ஊசிய நிறுத்திடுவீங்க."

"நிறுத்தினா நிறுத்திட்டுப் போவுது. உசுரு போயிருந்தா?"

பக்கத்து வண்டிக்காரர் கிளம்புகிறவரைக்கும் ஒதுங்கி நின்றாள்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி, ஒரு வாரம் நான் கொழம்புல உப்பே போடல" என்றாள். "உங்களுக்குத் தெரியாது. வேணும்னேதான் போடல. ஏண்டி உப்பு போடலன்னு ஒரு வார்த்த திட்டுவீங்களான்னு பாத்தன். ஏழு நாளும் தட்டக் காலி பண்ணிட்டு எந்திரிச்சுப் போனீங்க."

அவன் வண்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"இப்ப மூச்சு நின்னா தோளப் புடிச்சு உலுக்கறன், வந்துடறீங்க. அப்ப எதப் புடிச்சு உலுக்கறதுன்னு எனக்குத் தெரியல."